ஸீரோ-இன்ஃப்ளேட்டட் மாடல்: ‘மிகைச்சுழி’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எண்ணிக்கைத் தரவில் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகச் சுழி (0) வரும்போது புள்ளியியலில் பயன்படுத்தும் மாடல் ‘ஸீரோ-இன்ஃப்ளேட்டட்’ (zero-inflated). இதற்குத் தமிழில் இதுவரை முன்மொழியப்பட்டவை இரண்டு: சுழிவீக்கம், சுழிமிகு. பணவீக்கம் புழக்கத்தில் இருப்பதால் முதல் சொல் சட்டென்று வந்துவிடுகிறது. ஆனால் வீக்கம் என்றதும் ஏதோ கோளாறு என்று தோன்றும். இந்தத் தரவில் வரும் சுழிகள் கோளாறே அல்ல, உண்மையான எண்ணிக்கைகள்.

‘சுழிமிகு’ காதுக்கு இனிமை, பொருள்தான் இடறுகிறது. சுழி நிறைய இருந்தாலே இந்த மாடல் வேண்டும் என்று மாணவர் நினைத்துவிடுவார். 1898இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் வெளியிட்ட பிரஷ்யக் குதிரைப்படைக் கணக்கைப் பாருங்கள். ஒரு படைப்பிரிவுக்கு ஓர் ஆண்டு என்று 200 பதிவுகள். குதிரை உதைத்து இறந்தவர்கள் மொத்தம் 122 பேர், சராசரி 0.61. 109 பதிவுகளில் சுழி, அதாவது பாதிக்கும் மேல். எண்ணிக்கைகளுக்கான எளிய கணித வாய்பாடான பாய்சான் பரவல் (Poisson) இந்தச் சராசரிக்கு எதிர்பார்க்கும் சுழிகளோ 108.7! சுழி மிகுதிதான், ஆனால் மிகை இல்லை. பாய்சான் தரும் அளவையும் தாண்டி நிற்கும்போதுதான் அது மிகை. அதனால்தான் ‘மிகைச்சுழி’ என்கிறேன்.

எங்கிருந்து வருகிறது அந்த மிகை? இங்கே பெங்களூரில், மாரத்தஹள்ளியில் நின்று, போன வாரம் எத்தனை முறை பிஎம்டிசி பஸ் ஏறினீர்கள் என்று கேட்டால் இரண்டு விதமான ஆட்கள் ‘ஒருமுறைகூட இல்லை’ என்பார்கள். ஒருவர் எப்போதுமே ஸ்கூட்டர்க்காரர். இன்னொருவர் பஸ்ஸில் போகிறவர்தான், அந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். முன்னது நிலைச்சுழி, பின்னது வாய்ப்புச்சுழி. தாளில் இரண்டும் ஒரே 0. ஆகவே இரண்டு சமன்பாடுகள்: இவர் பஸ்ஸில் போகிறவர்தானா என்பதற்கு ஒன்று, போகிறவர் என்றால் எத்தனை முறை என்பதற்கு ஒன்று. ஸ்கூட்டர் இருப்பது முதலாவதில் பேசும், அலுவலகம் போகும் நாட்கள் இரண்டாவதில். புள்ளியியலாளர் டயான் லாம்பர்ட் 1992இல் மின்சுற்றுப் பலகைகளின் பற்றவைப்புக் குறைகளுக்குச் செய்ததும் இதுவே: குறையே வராத நிலை ஒன்று, வரக்கூடிய நிலை ஒன்று.

சுழி நிறைந்த தரவுக்கே பயன்படும் இன்னொன்றான ‘ஹர்டில்’ (hurdle) மாடலையும் இதே பெயருக்குள் அடக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அங்கே சுழி ஒரே வகைதான். சுழியா இல்லையா என்று முதலில் பார்க்கிறோம், தாண்டியவர்களுக்கு 1 முதல் எண்ணுகிறோம். தடைதாண்டும் ஓட்டம் நமக்குப் பழகிய வழக்கு. ‘தடைதாண்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மாடலுக்கு ‘மாதிரி’ வேண்டாம், கணக்கெடுப்பில் எடுக்கும் மாதிரியோடு குழம்பும். ‘ஒப்புரு’ சரியாக இருக்கும். ஓர் அளவு மற்றவற்றைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கணிக்கும் ரெக்ரஷனுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘தொடர்புப் போக்கு’ இருக்கட்டும். இலங்கை நண்பர்கள் ‘பிற்செலவு’ என்றே எழுதட்டும். ‘மிகைச்சுழிப் பாய்சான்’, ‘மிகைச்சுழி எதிர்மறை ஈருறுப்பு’ (negative binomial, எண்ணிக்கைகளுக்கான இன்னொரு பரவல்) என்று ‘மிகைச்சுழி’ இரண்டிலும் முன்னொட்டாக ஒட்டுகிறது.

‘நிலைச்சுழி’தான் எனக்கு இன்னும் நிறைவாக இல்லை. ‘நிலை’ ஏற்கெனவே பத்து இடங்களில் உழைக்கிறது. ‘இயலாச்சுழி’ என்றால், எண்ணிக்கை வரவே இயலாத இடம் என்று புரியுமா? சொல்லுங்கள்.