தளத்தின் ஒரு பகுதியை மட்டும் புது டொமைனுக்கு மாற்றிய அனுபவம்

மஸ்ஜித் இந்தியா வாசி:
ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் உள்ள ஜவுளிக்கடை ஒன்றின் தளத்தைப் பராமரிக்கிறேன். முதலாளி கல்யாணச் சமையல் ஆர்டரும் எடுப்பார். சமையல் சூடுபிடித்ததும் அதற்குத் தனி டொமைன் வாங்கிவிட்டார். புடவைப் பக்கங்கள் பழைய இடத்திலேயே இருக்கும். சமையல் பக்கங்கள் மட்டும், தேடலில் பிடித்த இடம் கைநழுவாமல், குடிபெயர வேண்டும்.

தளம் நடத்துவோருக்கான கூகுள் சர்ச் கன்சோல் சேவையின் முகவரி மாற்றக் கருவியைப் பலரும் சொல்வார்கள். முழு டொமைனும் இடம் மாறினால்தான் அது உதவும். பகுதி மாற்றத்துக்குப் பக்கத்துக்குப் பக்கம் 301 வழிமாற்று (பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பும் ஏற்பாடு) போட்டே ஆக வேண்டும். “எல்லாவற்றையும் புது முகப்புக்குத் திருப்பிவிடுங்கள் தம்பி, வேலை முடிந்தது” என்றார் முதலாளி. வாழையிலைச் சாப்பாட்டு விலையைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பார். கூகுளும் அத்தகைய வழிமாற்றைக் காணாமற்போன பக்கமாகக் கணக்கில் வைக்கக்கூடும். இதை விளக்கிச் சம்மதம் வாங்குவதற்குள் தே தாரிக் ஆறிப்போனது.

உண்மையான வில்லங்கம் தமிழ் முகவரிகளில்தான். பிரௌசரிலிருந்து நகலெடுத்தால் ‘க’ என்ற ஓரெழுத்து, சதவீதக் குறிகளோடு 9 குறியீடுகளாக நீள்கிறது. அதை அப்படியே வழிமாற்று விதியில் ஒட்டினால் வேலை செய்யாது. எங்கள் சர்வர் மென்பொருளான அபாச்சி, முகவரியைத் தமிழ் எழுத்துக்குத் திருப்பிய பிறகே விதியோடு ஒப்பிடுகிறது. விதிக் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்து, தமிழ் எழுத்துகளையே எழுதினேன். அடம்பிடித்த பக்கங்கள் வழிக்கு வந்தன.

தண்ணீர்மலைக்காரன்:
அண்ணா, ஜார்ஜ் டவுனில் ஒரு பயண நிறுவனத்துக்கு இதே வேலையைச் செய்தேன். தரவரிசை சற்றே ஆட்டம் கண்டு நிலைத்தது. அடி பிறகுதான் விழுந்தது. சர்வரை மாற்றிய சேவை நிறுவனம் பழைய விதிக் கோப்பைக் கொண்டுவரவில்லை. பழைய முகவரிகள் அத்தனையும் 404, அதாவது ‘பக்கம் இல்லை’! தைப்பூச நேரம் வேறு. பஸ் டிக்கெட் விசாரணை வறண்டுவிட்டது. வழிமாற்றுகளைக் குறைந்தது 1 ஆண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால், பழைய டொமைன் உயிரோடு இருக்கும்வரை எடுக்கவே கூடாது. வெளியார் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அந்த வழியாகத்தானே வருகின்றன? நம் பழைய தளத்து மெனுப் பட்டியில் உள்ள இணைப்புகளை மட்டும் உடனே புது முகவரிக்கு நேரடியாக மாற்றிவிடுங்கள்.

செந்தூல் அக்கா:
தம்பிகளா, தேடுபொறிகள் எந்தப் பக்கங்களுக்குள் வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் பாருங்கள். “காலி செய்த பகுதிதானே” என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பழைய முகவரிகளை அதில் அடைத்துவிட்டார். கூகுள் உள்ளே வந்தால்தானே வழிமாற்று கண்ணில் படும்! திறந்துவிட்ட பிறகே புதுப் பக்கங்கள் தேடலில் தலைகாட்டத் தொடங்கின.