தொற்றுக் காலத்தில் மக்களை ஒத்துழைக்க வைப்பது எப்படி?

வார்டுக்காரன்:
எங்கள் ஊராட்சிக்குப் பேரிடர் திட்டம் எழுதுகிறோம், அதில் தொற்றுநோய்க்கும் ஒரு பகுதி. 2021-இல் கொரோனா தடுப்பூசி முகாம் என்றாலே பல பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மயங்கி விழுந்து அதற்கடுத்த நாள் இறந்ததும் கேட்கவே வேண்டாம். அடுத்த முறை அபராதம்தான் என்கிறார் தலைவர். உங்கள் பக்கம் எது பலித்தது?

கடலோரம்:
சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் ஒரு தொண்டு அமைப்பு ஊசி போட்டவர்களுக்கு பிரியாணி கொடுத்தது, குலுக்கலில் தங்கக் காசு, ஸ்கூட்டர் வேறு. கூட்டம் வந்தது. ஆனால் ஊராட்சி நிதியில் ஸ்கூட்டரா? தணிக்கையில் மாட்டுவீர்கள்.

ஊசிக்காரம்மா:
கிராம செவிலியராக இருந்தவள் சொல்கிறேன் தம்பி, அபராதம் வேண்டாம். மாஸ்க்குக்கு 200 ரூபாய் என்றார்கள், போலீஸைப் பார்த்ததும் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறியது, அவ்வளவுதான். விவேக் இறந்ததற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு சொன்னது அக்டோபரில். ஏப்ரலில் கிளம்பிய வதந்தி அதுவரை சும்மா இருக்குமா? ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சாவு பயமே இல்லை, காய்ச்சல் வந்து படுத்தால் மறுநாள் கூலி போய்விடுமே என்ற கணக்குதான். காய்ச்சல், உடம்பு வலி ஓரிரு நாள் வரலாம் என்று முதலிலேயே சொல்லி, பாராசிட்டமால் கையில் கொடுத்து, மறுநாள் வேலையில்லாத நாளாகப் பார்த்து முகாம் வையுங்கள்.

மதுரைவீரன்77:
அக்கா சொல்வது சரி. மெகா முகாம் செப்டம்பர் 12 ஞாயிறன்று ஆரம்பித்தது ஞாபகமிருக்கிறதா? ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்று பேச்சு, ஞாயிற்றுக்கிழமை எவன் வருவான்? அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன் அதையே காரணமாகச் சொல்லி அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார். சிரித்தார்கள், ஆனால் குடிகாரனைத் திட்டுவதைவிட நாளை மாற்றுவது எவ்வளவோ சுலபம்.

வார்டுக்காரன்:
நன்றி. நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலேயே முகாம் வைத்தால்?

ஊசிக்காரம்மா:
வைக்கலாம், சாயங்காலம் வேலை முடிகிற நேரமாக. ஆனால் ஊசி போட்டால்தான் அட்டையில் கையெழுத்து என்று பணித்தளப் பொறுப்பாளர் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது, அப்புறம் வேலைக்கே வர மாட்டார்கள். அவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.