பைலுக்குள் கண்ணாடி இழை போடச் சொல்கிறார்கள், எங்கே சொதப்பும்?

களிமண் (கேள்வி)

வணக்கம். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய சைட். 1 மீட்டர் விட்டம், 28 மீட்டர் ஆழத்தில் போர்டு பைல் (குழி துளைத்து, கம்பிக் கூடு இறக்கி, கான்கிரீட் ஊற்றும் அஸ்திவாரத் தூண்). மேலே கொழகொழவென்று களிமண், அப்புறம் மணல், கடைசியில் மக்கிய பாறை. ஒரு டெஸ்ட் பைலில் சுமை ஏற்றிப் பார்க்கப் போகிறோம். எந்த ஆழத்தில் எந்த மண் எவ்வளவு தாங்குகிறது என்று தெரிய வேண்டும். வழக்கமாக ஐந்தாறு ஆழங்களில் வைப்ரேட்டிங் வயர் ஸ்ட்ரெயின் கேஜ் (கான்கிரீட் எவ்வளவு சுருங்குகிறது, இழுபடுகிறது என்று அளக்கும் கருவி) கட்டுவோம். இந்த முறை கன்சல்டன்ட் ஃபைபர் ஆப்டிக் கேபிள் போடச் சொல்கிறார். எங்கள் மேனேஜரோ "இன்டர்நெட் வயரைக் கட்டி என்னத்தை அளக்கப் போகிறாய்" என்று சிரிக்கிறார். கட்டுகிற வேலை என் தலையில்தான்.

கேபிள் உயிரோடு வெளியே வருமா? வந்தாலும் அது சொல்லும் எண்ணை நம்பலாமா? கையால் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஒட்டுவேலை கோவை

சிவில் எனக்குத் தெரியாது, டெலிகாம் ஃபைபர் ஒட்டுகிற ஆள் நான். கேபிள்தான் பிரச்சினை என்றால் எங்களிடம் மிச்சம் டிரம் டிரம்மாகக் கிடக்கிறது. 24 கோர், ஜெல் நிரப்பியது, எலி கடித்தாலும் தாங்கும். அதையே போட்டால் என்ன? எல்லாம் ஒரே கண்ணாடிதானே?

மணப்பாறைக்காரன்

தம்பி, நான் சிங்கப்பூரில் 16 வருடமாக இன்ஸ்ட்ருமென்டேஷன் டெக்னீஷியன். பைலிலும் டனலிலும் கேபிள் கட்டியிருக்கிறேன். கட்டியதில் பாதியை மற்றவர்கள் அறுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் கோவை அண்ணனுக்கு. கண்ணாடி ஒன்றுதான், உறைதான் வேறு. உங்கள் கேபிளில் இழை குழாய்க்குள் ஜெல்லில் தளர்வாக, குழாயைவிடக் கொஞ்சம் நீளமாகக் கிடக்கும். கம்பத்தில் காற்றுக்கு ஆடினாலும் இழை இழுபடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். எங்களுக்கு நேர் எதிர்: கான்கிரீட் தலைமுடி அளவு சுருங்கினாலும் இழையும் கூடவே சுருங்க வேண்டும். அதற்கு உறை இழையோடு இறுக்கமாக ஒட்டிய கேபிள் வேண்டும். உங்களுக்கு எது நல்ல கேபிளோ, அதுதான் எங்களுக்குச் செவிட்டுக் கேபிள். ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறுக்கக் கேபிளுக்குப் பக்கத்திலேயே உங்கள் ஜெல் கேபிளையும் கட்டுவோம். அது இழுவையை உணராது, வெப்பத்தை மட்டும் உணரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்தான் உண்மையான எண் கிடைக்கும்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் துளி வெளிச்சம் திரும்பி வரும். அது வர எடுக்கும் நேரம் இடத்தைச் சொல்லும். அதன் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது அங்கே இழை எவ்வளவு இழுபட்டது என்பதைச் சொல்லும். பிரில்லுவான் சிதறல் என்பது இதைத்தான். 1 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (ஒரு மீட்டர் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறுவது) சுமார் 0.05 மெகாஹெர்ட்ஸ் நகரும். 1 டிகிரி சூட்டுக்கு சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு டிகிரி மாறினால் மெஷின் அதை 20 மைக்ரோஸ்ட்ரெயின் என்று படிக்கும்.

உன் பைலுக்கே கணக்குப் போட்டுப் பார். பரப்பு 0.785 சதுர மீட்டர், கான்கிரீட்டின் விறைப்பு 30 ஜிகாபாஸ்கல் என்று வை. 100 மைக்ரோஸ்ட்ரெயின் என்றால் 240 டன். ஒரு டிகிரியைக் கழிக்க மறந்தால் 48 டன் தப்பு.

நான் இதில் மாட்டியிருக்கிறேன். எந்த சைட் என்று வேண்டாம். கான்கிரீட் ஊற்றி ஐந்தாம் நாளே பேஸ்லைன் (பின்னால் ஒப்பிடுவதற்கான முதல் அளவு) எடுக்கச் சொன்னார்கள், அவசரமாம். பைல் உள்ளே இன்னும் சூடு. டெஸ்ட் அன்றைக்குப் பத்து டிகிரி ஆறியிருந்தது. ஜாக்கியில் ஒரு டன்கூட ஏற்றவில்லை, திரையில் பைல் 480 டன்னைச் சுமந்துகொண்டு நிற்கிறது! காபி ஊற்றிக்கொண்டிருந்த கன்சல்டன்ட் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். டெஸ்ட் அன்று காலையில், சுமை ஏற்றுவதற்கு முன், புது பேஸ்லைன் எடு. சில மணி நேர டெஸ்ட்டில் மண்ணுக்கடியில் வெப்பம் பெரிதாக மாறாது. பாதி வலி அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்தச் சூடு ஒரு விதத்தில் உபயோகமும்கூட. ஊற்றிய இரண்டொரு நாளில் ஜெல் கேபிளில் வெப்பத்தை மட்டும் படித்தால், ஓரிடத்தில் கான்கிரீட் குறைந்து மண் புகுந்திருந்தால் அந்த ஆழம் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். அதற்கு ராமன் சிதறலை வைத்துப் படிக்கிற மெஷின் இருக்கிறது. ஆமாம், எங்கள் திருச்சியில் பிறந்த அதே ராமன்தான். சீன ஃபோர்மேனிடம் இதைச் சொன்னேன், "ஓகே லா, கேபிளைக் கட்டு" என்றான்.

அடுத்து, கேபிள் சாகும் இடங்கள். கம்பிக் கூட்டை (கூடு என்றே சொல்கிறேன், சைட்டில் இதுவும் கேஜ், ஸ்ட்ரெயின் கேஜும் கேஜ், ரேடியோவில் ஒருவன் "கேஜைத் தூக்கு" என்றால் இரண்டு பேர் ஓடுவார்கள்) 28 மீட்டருக்கு ஒரே துண்டாக இறக்க மாட்டார்கள். மூன்று துண்டாக, குழியின் வாயில் இணைத்து இணைத்து இறக்குவார்கள். கேபிளை முன்கூட்டியே முழு நீளத்துக்கும் கட்ட முடியாது. டிரம்மை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கூடு இறங்க இறங்க நீ கட்டிக்கொண்டே வர வேண்டும். கிரேன்காரனுக்கும் உனக்கும் நடுவில் விசில் வைத்திருக்கும் ஆள் உன் ஆளாக இருக்கட்டும். மெயின் கம்பியின் பக்கவாட்டில் கட்டு. உள்பக்கம் கட்டினால் ட்ரெமி பைப் (கான்கிரீட்டை அடிவரை இறக்கும் குழாய்) உரசும். வெளிப்பக்கம் கட்டினால் குழிச் சுவர் உரசும். அடியில் U போலத் திருப்பும் இடத்தில் கேபிள் மடங்கக் கூடாது, அங்கே வளைத்த பிவிசி குழாய்க்குள் விடு. மடங்கினால் வெளிச்சம் அங்கேயே கசிந்துவிடும்.

இதெல்லாம் தாண்டினாலும் கடைசியில் பைல் தலையை உடைக்க பிரேக்கர் வரும். என் கணக்கில் செத்த கேபிள்களில் முக்கால்வாசி இங்கேதான், மேலிருந்து ஒன்றரை மீட்டருக்குள். மேல் பகுதியில் கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டு, சுற்றிலும் ஃபோம் சுற்று. வெளியே மூன்று மீட்டர் மிச்சம் விட்டுச் சுருட்டி வை. சிவப்பு பெயின்ட் அடி. அப்புறம் பிரேக்கர் ஓட்டுகிற ஆளை நேரில் பார்த்துக் காட்டு. முடிந்தால் ஒரு டீ வாங்கிக் கொடு. ட்ராயிங்கில் குறித்துவிட்டேன் என்று இருந்துவிடாதே, அவர் ட்ராயிங் பார்ப்பதில்லை.

களிமண்

அண்ணா, கும்பிடுகிறேன். இன்னும் இரண்டு. ஒரு இடத்தில் அறுந்தால் மொத்தமும் போச்சா? அப்புறம் மேனேஜர் "இதை உலகத்தில் எவன் போட்டிருக்கிறான், பெயர் சொல்" என்கிறார்.

மணப்பாறைக்காரன்

அறுந்தால் என்ன ஆகும் என்பது மெஷினைப் பொறுத்தது. இரண்டு முனையிலும் வெளிச்சம் விடுகிற பிஓடிடிஏ வகை என்றால் ஒரு வெட்டிலேயே படுத்துவிடும். ஒரு முனை போதும் என்கிற பிஓடிடிஆர் வகை, வெட்டு வரைக்கும் படிக்கும். அதனால் லூப்பாகப் போட்டு இரண்டு முனையையும் வெளியே எடு. நடுவில் அறுந்தால் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை படித்துக்கொள்ளலாம். இரண்டு லூப் போட்டால் பைலில் நான்கு கோடு, பைல் வளைந்தாலும் தெரியும். ஒன்று கவனி: பிஓடிடிஆர் சொல்வது பொதுவாக ஒரு மீட்டர் நீளத்தின் சராசரி. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று கிராஃப் அழகாக வரும், மயங்காதே. பைலின் முதல் மீட்டரையும் கடைசி மீட்டரையும் நான் நம்புவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் சில நிமிடம் பிடிக்கும். சுமையைப் படிப்படியாக ஏற்றி நிறுத்துவதால் உனக்கு அது பிரச்சினை இல்லை.

மேனேஜருக்கு: லண்டனில் தபால் மூட்டை ஓட்ட 1927-ல் திறந்த சின்ன ரயில் டனல், வார்ப்பிரும்பு வளையங்களால் ஆனது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் அதற்கு அடியிலேயே கிராஸ்ரெயில் என்கிற புது ரயில் பாதைக்குப் பெரிய டனல் தோண்டினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆட்கள் பழைய டனலுக்குள் இழை ஒட்டி, வளையம் எப்படி நெளிகிறது என்று பார்த்தார்கள். பாலம் வேண்டுமென்றால் சுவீடனில் கோட்டன்பர்க், 1939-ல் கட்டிய யோட்டா ஆற்றுப் பாலம். இரும்பு முறியும் ரகம், புதுப் பாலம் வரும்வரை ஓட்டியாக வேண்டும், அதனால் உத்திரங்கள் நெடுக இழை ஒட்டி விரிசலைத் தேடினார்கள். அமெரிக்காவில் மினியாபொலிஸில் 2007-ல் பாலம் விழுந்து 13 பேர் செத்தார்களே, அங்கே அடுத்த வருடம் திறந்த புதுப் பாலத்திலும் ஃபைபர் சென்சார் இருக்கிறது. இது போதாதென்றால் அவர் வீட்டு இன்டர்நெட் வயரைப் பிடுங்கு.

ஒட்டுவேலை கோவை

செவிட்டுக் கேபிள் 100 மீட்டர் என் செலவில் பஸ்ஸில் போட்டு விடுகிறேன் தம்பி. ஒட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றாலும் சொல், கான்கிரீட்டுக்குள் போவதை நானும் பார்த்ததில்லை.

களிமண் (ஐந்து வாரம் கழித்து)

டெஸ்ட் முடிந்தது. கோவை அண்ணன் மெஷினோடு நேரிலேயே வந்துவிட்டார், மழையில் குடை பிடித்து ஒட்டினோம். பிரேக்கர் ஆளுக்கு இரண்டு டீ, ஒரு வடை. தலையில் நான்கு முனையும் தப்பித்தன. ஆனால் ஒரு லூப் 9 மீட்டரில் செத்தது, அநேகமாக ட்ரெமி. இரண்டு பக்கமும் படித்துச் சமாளித்தோம். ஆழத்துக்கு ஆழம் பைலில் எவ்வளவு சுமை மிச்சம் என்று காட்டும் கிராஃபில், களிமண்ணில் கோடு கிட்டத்தட்ட செங்குத்து, அதாவது அது ஒன்றும் தாங்கவில்லை. மணலில் கொஞ்சம் சாய்கிறது, பாறையில் இறங்கியதும் சடாரென்று குறைகிறது. மேனேஜர் அந்தக் கிராஃபை பிரின்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. 14 மீட்டரில் நான்கு கோடுகளில் இரண்டு மட்டும் லேசாகப் பிரிகின்றன. பைல் அங்கே வளைகிறதா, இல்லை நான் கட்டியது நழுவியதா?

மணப்பாறைக்காரன்

பிரிவது எதிரெதிர்க் கம்பிகளா, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளா? அதைச் சொல். அப்புறம், கூட்டை இணைத்தது எத்தனாவது மீட்டரில்?