"ஸ்ட்ராமன் 4.1" என்று மட்டும் எழுதி வந்த கேஸ், எந்த டைட்டானியம் பேஸ் எடுப்பது?

கேள்வி: டிசைன்_புதுசு

பல் லேபில் டிசைன் பார்க்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. கீழ் வலது 46, ஒற்றைப் பல், ஸ்க்ரூவில் இறுக்கும் சிர்கோனியா கிரவுன் கேட்டிருக்கிறார்கள்; அதை இம்பிளான்டோடு, அதாவது எலும்பில் வைத்த செயற்கை வேரோடு, இணைக்கும் டைட்டானியம் பேஸில் ஒட்டித் தர வேண்டும். வாய் ஸ்கேன், எதிர்ப்பல், கடி எல்லாம் சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் இம்பிளான்ட் பற்றி ஆர்டரில் இருப்பது "ஸ்ட்ராமன் 4.1", அவ்வளவுதான். எக்ஸோகேட் டிசைன் சாஃப்ட்வேரில் ஸ்ட்ராமன் கம்பெனியின் ஆர்சி வகை இணைப்புக்கான லைப்ரரியை (பாகங்களின் டிஜிட்டல் வடிவங்கள்) தேர்ந்தெடுத்தேன், ஸ்கேன் பாடி (இம்பிளான்ட் இருக்கும் இடத்தை ஸ்கேனில் காட்ட வாயில் மாட்டும் துண்டு) மேல் போய் உட்கார்ந்துவிட்டது, ஆனால் பேஸின் தோள் (கிரவுன் உட்காரும் விளிம்பு) ஈறுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. ஆர்என் வகையாக இருக்குமோ? இன்னொன்று, லேப் டிராயரில் வேறு கம்பெனியின் ஆர்சி பேஸ் நாலைந்து கிடக்கிறது, அதையே ஒட்டிக்கொள்ளலாமா? நாளை மறுநாள் அனுப்ப வேண்டும்.

பதில்: மில்லிங்மேசை

தம்பி, 4.1 என்பது எலும்பில் இறங்கும் இம்பிளான்ட் திருகின் பருமன் (மி.மீ.), பேஸ் நுழையும் வாய்ப்பகுதியின் பெயர் இல்லை. ஸ்ட்ராமனில் எலும்பு மட்டத்தில் வைக்கும் 4.1 ஆர்சி, கழுத்து ஈறு வரை வரும் டிஷ்யூ லெவல் 4.1 ஆர்என், இரண்டுக்கும் உள்ளே இருப்பது வேறு வேறு. ஆர்சியில் 15 டிகிரி கூம்பும் நாலு பள்ளமும், ஆர்என்னில் 8 டிகிரி கூம்பும் எண்கோணமும். எலும்பு மட்ட வகையிலேயே 4.1-உம் 4.8-உம் ஒரே ஆர்சி வாய்தான், 3.3 என்றால் என்சி என்ற சிறிய வாய். அதனால் பருமனை வைத்து முடிவெடுக்காதீர்கள், இம்பிளான்ட் டப்பாவில் வரும் ஸ்டிக்கரின் போட்டோவைக் கேளுங்கள். கூடவே ஒரு எக்ஸ்ரேயும் கேளுங்கள், டிஷ்யூ லெவல் என்றால் எலும்புக்கு மேலே கழுத்து விரிந்து போவது நன்றாகவே தெரியும்.

அடுத்தது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: ஸ்கேன் பாடி யாருடையது? இம்பிளான்ட் ஸ்ட்ராமன் என்பதால் ஸ்கேன் பாடியும் ஸ்ட்ராமன்தான் என்று இல்லை. நோயாளி வாயில் மாட்டியிருந்தது உயரமான ஸ்கேன் பாடியாகவும் லைப்ரரியில் இருப்பது குட்டையாகவும் இருந்தால், தலைக்குத் தலை பொருந்தி இம்பிளான்டே மேலே ஏறிவிடும், உங்கள் பேஸ் எட்டிப் பார்ப்பதும் அதனாலாக இருக்கலாம். லைப்ரரி வடிவம் ஸ்கேன் மேல் அலைன் ஆன பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். சரியாகப் பொருந்தியிருந்தால் இரண்டின் நிறமும் கலந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு பக்கம் முழுக்க ஒரே நிறம் மேலே வந்து நின்றால் அது வேறு ஸ்கேன் பாடி, மேலே போகாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

பதில்: பல்_டாக்டரம்மா

கிளினிக் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஸ்கேன் பாடி முழுசாக உட்காரவில்லை என்றாலும் இதே மாதிரிதான் வரும், நடுவில் ஈறு மாட்டிக்கொண்டால் போதும். ஸ்கேன் பாடி மாட்டிய நிலையில் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேன் பாடியைத் திரும்பத் திரும்ப ஆட்டோகிளேவ் போட்டு, ஒவ்வொரு முறையும் கைக்கு வந்த வேகத்தில் முறுக்கினால் அதன் அடிப்பாகம் தேய்ந்துபோகும். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம், நோயாளியை இன்னொரு தடவை உட்காரவைத்துக் கிரவுனை வெட்டி எடுப்பதைவிட ஒரு போன் எவ்வளவோ மேல்.

பதில்: மில்லிங்மேசை

டிராயர் பேஸ் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வேண்டாம். கிரவுனின் உள்பக்கம் லைப்ரரியில் உள்ள பேஸின் தண்டு அளவுக்குத்தான் மில் ஆகும், வேறு கம்பெனித் தண்டு அதில் ஆடும், இல்லை நுழையாது. நுழைந்தாலும் ஸ்க்ரூ தலை உட்காரும் இடம் வேறாக இருக்கலாம், அங்கே 35 நியூட்டன் சென்டிமீட்டர் போட்டு முறுக்கப்போவது டாக்டர், தளர்ந்தால் வலி நோயாளிக்கு. ஸ்கேன் பாடி, பேஸ், ஸ்க்ரூ, மாடலில் இம்பிளான்டுக்குப் பதிலாக வைக்கும் அனலாக் எல்லாம் ஒரே லைப்ரரியிலிருந்து வரட்டும். ஒற்றைப் பல் என்பதால் இம்பிளான்டுக்குள் சுழலாத பேஸ், பிரிட்ஜ் என்றால் கதை வேறு. 46-க்குக் கடி இடம் இருந்தால் தண்டு உயரமானதாக எடுங்கள், ஒட்டும் பரப்பு கூடும்.

டிசைன்_புதுசு

ஸ்டிக்கர் வந்துவிட்டது, போன்லெவல் (எலும்பு மட்டம்) டேப்பர்ட் 4.1, ஆர்சிதான். ஸ்கேன் பாடி மட்டும் வேறு கம்பெனி, நான் எடுத்திருந்த லைப்ரரியில் அது இல்லவே இல்லை. முதலில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சையாகத்தான் தெரிந்திருக்கிறது, எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. அந்தக் கம்பெனி லைப்ரரியை இறக்கி மறுபடி அலைன் செய்ததும் இம்பிளான்ட் கீழே இறங்கிவிட்டது, ஈறு விளிம்பிலிருந்து 3 மி.மீ. ஆழம் காட்டுகிறது, 2 மி.மீ. ஈறு உயரமுள்ள பேஸ் போட்டால் தோள் உள்ளேயே நிற்கிறது. பேஸ் ஆர்டர் போட்டாச்சு, கையில் வர இரண்டு நாள் ஆகும் என்று கிளினிக்கில் சொன்னேன், சரி என்றார்கள். மில்லிங்மேசை அண்ணே, டாக்டரம்மா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.