பி.யூ.சி. படித்த அந்த ஓராண்டு நம்மை வளர்த்ததா?

வெள்ளாற்றங்கரை (கேள்வி):

பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்து, பதினாறு வயதில் நேராகக் கல்லூரிக்குள் நுழைந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1972-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அங்கேயே இளங்கலையும் முதுகலையும் முடித்து 1978-ல் வெளியே வந்த ஆண்டில்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் தொடங்கியது, புகுமுக வகுப்பு என்பதே மறையலாயிற்று.

இப்போது என் பேரன் பிளஸ் டூ படிக்கிறான். விடியற்காலையில் நீட் பயிற்சி, பகலில் பள்ளி, மாலையில் மறுபடியும் பயிற்சி என்று ஓடுகிற அவனைப் பார்க்கும்போதெல்லாம், அதே வயதில் நான் எங்கிருந்தேன் என்ற நினைவு வருகிறது. மாதத் தொடக்கத்தில் அப்பா அனுப்பும் மணியார்டரை வாங்கி, மெஸ் பில் கட்டியது போக மிஞ்சியதை மாதக் கடைசி வரை இழுத்துப்பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிது, அந்த வளாகத்தில் எனக்குக் கிடைத்த மனிதர்கள். ஒரே வளாகத்தில் பொறியியல், வேளாண்மை, தமிழ், இசை எல்லாம் இருந்தன. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்தவர்களும் எங்கள் பல்கலைக்கழகத்தவரே. இசைக் கல்லூரிப் பக்கம் நடந்தால் சாதகம் காதில் விழும். இரயில் நிலையத்துக்கு அருகில் டீ குடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முனைவர் பட்ட ஆய்வாளராக இருப்பார், நம்மையும் ஓர் ஆளாக மதித்து, என்ன படிக்கிறாய், ஏன் படிக்கிறாய் என்று கேட்பார். அதுவரை என்னிடம் 'ஏன்' என்று ஒருவரும் கேட்டதில்லை.

என் கேள்வி இதுதான். பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவில் வயதில் மூத்தவர்களோடு கழிந்த அந்த ஓராண்டு உண்மையிலேயே நம்மை வளர்த்ததா, அல்லது இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் பார்ப்பதால் இனிக்கிறதா? பி.யூ.சி.யில் தேறாமல் படிப்பை விட்டவர்களும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

கொள்ளிடத்துக்காரர்:

தம்பி, நான் உங்களுக்கு எட்டு ஆண்டு மூத்தவன். 1964-ல் அதே அண்ணாமலை நகரில் பி.யூ.சி. சேர்ந்தேன். வளர்ந்தோமா என்று கேட்டால், வளராமல் இருக்க வழியே இல்லை என்பேன்.

பதினோராம் வகுப்பு வரை திசைவேகம், முடுக்கம், அமிலம், காரம் என்று தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். கல்லூரியில் முதல் நாளே அத்தனையும் ஆங்கிலம். வகுப்பு முடிந்ததும் கான்வென்டில் படித்துவிட்டு வந்த பையனின் குறிப்பேட்டை வாங்கி, இரவெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு எழுதுவோம். மூன்று மாதம் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருந்து, ஒரு நாள் திடீரென்று பேராசிரியர் சொன்ன ஒரு முழு வாக்கியமும் புரிந்தபோது அடைந்த மகிழ்ச்சியைப் பிறகு வேலை கிடைத்தபோதுகூட நான் அடைந்ததில்லை.

அந்தக் கல்வியாண்டின் நடுவில்தான் 1965 ஜனவரி வந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், ஜனவரி 27-ஆம் நாள், எங்கள் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். நான் அவரோடு பழகியவன் அல்லன். ஆனால் முந்தின நாள் வரை நம்மைப் போலவே புத்தகத்தோடு நடந்து திரிந்த ஒருவர் இன்று இல்லை என்பதைப் பதினேழு வயதில் அவ்வளவு அருகில் இருந்து அறிந்துகொண்ட பிறகு, அதற்கு முந்தைய சிறுவனாக ஊர் திரும்ப முடியவில்லை. கல்லூரிகளை மூடிவிட்டார்கள். பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்ற என்னிடம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, செய்தித்தாளை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் அமர்ந்தார். நாட்டில் நடப்பதை அவர் என்னோடு பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான். உங்களுக்கு இனிக்கிறது என்கிறீர்கள். எனக்கு இனிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, எனினும் அந்த ஓராண்டை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாமரைக்குளம்:

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் 1975-ல் தெற்கே ஒரு மகளிர் கல்லூரியில் பி.யூ.சி. படித்தேன். உங்கள் நினைவுகளை மதிக்கிறேன், ஆனால் டீக்கடையில் ஆய்வாளரோடு நின்று பேசுவது எங்களுக்கு வாய்த்ததில்லை. எங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் மறுநாள் முதல் கல்லூரி கிடையாது என்பது வீட்டில் போடப்பட்ட நிபந்தனை. ஆகவே நூலகம் எனக்குப் பகல் உணவு இடைவேளைதான். சாப்பாட்டை வேகமாக முடித்துவிட்டு ஓடுவேன்.

பாதியில் நின்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி கணக்கில் வகுப்பிலேயே முதல் மாணவி, ஆங்கிலத் தாளில் தேறவில்லை. ஒரு ஆண் பிள்ளையாக இருந்தால் செப்டம்பரில் மறுபடியும் எழுதச் சொல்லியிருப்பார்கள். அவளுக்கு அடுத்த வைகாசியில் திருமணம் முடிந்தது. அந்த ஓராண்டு என்னை வளர்த்தது உண்மை, என் கண்ணெதிரிலேயே அவளை நிறுத்திவிட்டதும் உண்மை. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது என்று தோன்றியது.

மேல்நிலை ஆசிரியர்:

பிளஸ் டூ வந்ததால் ஏதோ பறிபோனதைப் போலப் பேசுகிறோம். அந்த வகுப்புகளுக்கு நெடுங்காலம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பி.யூ.சி. காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கிராமத்துப் பிள்ளை மேலே படிக்க வேண்டுமானால் நகரத்துக்குப் போக வேண்டும். விடுதிக்குப் பணம் வேண்டும், அல்லது அங்கே ஓர் உறவினர் வீடு வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள், அவர்களிலும் பெண் பிள்ளைகள், அதோடு நின்றார்கள். பள்ளியிலேயே பதினொன்றும் பன்னிரண்டும் வந்த பிறகு, அதே பிள்ளைகள் சைக்கிளில் வந்து, தமிழிலேயே அறிவியல் படித்துப் பொதுத்தேர்வு எழுதினார்கள். 1980-ல் முதல் பிளஸ் டூ அணி வெளியேறியபோது, அதற்கு முன் தங்கள் குடும்பத்தில் ஒருவரும் எட்டாத படிப்பை எட்டிய மாணவிகளை நான் பார்த்தேன். அம்மா குறிப்பிட்ட தோழி ஐந்து ஆண்டு கழித்துப் பிறந்திருந்தால் தேறியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் வெள்ளாற்றங்கரையாரின் ஆதங்கமும் எனக்குப் புரிகிறது. அது பயிற்சி மையங்களைப் பற்றியது. பதினேழு வயதில் தன்னைவிட மூத்த ஒருவர் மதிப்பெண்ணைக் கேட்காமல் நம்மோடு பேசுவது அரிய பேறு. அதைப் பள்ளியிலும் கொடுக்க முடியும், ஆசிரியருக்கு நேரம் கொடுத்தால்.

வெள்ளாற்றங்கரை:

மூவருக்கும் என் நன்றி. கொள்ளிடத்து அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். இராசேந்திரனின் சிலையை நாள்தோறும் கடந்து வகுப்புக்குப் போன எங்களுக்கு, அந்தச் சாவு எங்கள் வயதுப் பையன்களின் மீது எப்படி இறங்கியது என்று யாரும் சொன்னதில்லை.

அம்மா, நான் நண்பர்களை எண்ணிக்கொண்டு கேட்ட கேள்விக்கு நீங்கள் தோழியைக் காட்டிவிட்டீர்கள். என் அக்காவும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர், எனக்கு வந்த மணியார்டரில் அவருடைய படிப்பும் இருந்தது என்பதை வீட்டில் ஒருவரும் பேசியதில்லை. ஆசிரியர் ஐயா சொன்னபடி, பயிற்சி இல்லாத ஞாயிறு மாலைகளில் பேரனிடம் மதிப்பெண் பேச்சை எடுப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். என்ன படிக்க விரும்புகிறாய், ஏன் என்று முதலில் அக்காவே அவனிடம் கேட்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பி.யூ.சி.யோடு நின்றவர்கள் யாரேனும் இதைப் படித்தால், தயங்காமல் எழுதுங்கள்.