பால்டார் வழக்கு: 3-2 எப்படி வந்தது?

கேள்வி: பேட்டில்ஸ்டார் கேலக்டிகாங்கிற அறிவியல் புனைவு டிவி தொடரோட மூணாவது சீசன் கடைசி ரெண்டு எபிசோடு (2007). பால்டார், மனுஷங்களை அடக்கி ஆண்ட சைலான்ங்கிற ரோபோக்களோட ஆட்சிக்குத் துணைபோன அதிபர், மரணப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டவர். அஞ்சு நீதிபதிகள்ல 3-2ன்னு எப்படி விடுதலை ஆனார்? சாட்சியை உடைச்சதாலயா?

பதில் 1: இல்லைங்க. இப்போ அதிபரா இருக்கிற ரோஸ்லினைக் குறுக்கு விசாரணை பண்ணி, அவங்க மாயத்தோற்றம் தர்ற சமல்லா மருந்து சாப்பிடுறதை பால்டார் தரப்புல வாதாடுற லீ வெளியே கொண்டுவர்றார். அது அவங்க பேரைத்தான் கெடுக்குது, குற்றச்சாட்டைத் தொடலை. கையெழுத்து துப்பாக்கி முனையில வாங்கினது. பால்டாரோட முன்னாள் உதவியாளர் கேட்டாவோ (Gaeta) பால்டார் விரும்பியே போட்டார்னு பொய்ச் சாட்சி சொல்றார். அந்தப் பொய் கடைசிவரை நிக்குது!

பதில் 2: திருப்பம் வேற இடத்துல. நீதிபதிகள்ல ஒருத்தரான தளபதி அடாமா முன்கூட்டியே முடிவு பண்ணிட்டார்னு சொல்லி, விசாரணையே செல்லாதுன்னு பால்டாரோட வக்கீல் லாம்ப்கின் மனு போடுறார். அதுக்கு ஆதாரமா அடாமாவோட மகன் லீயையே கூண்டுல ஏத்துறார். அப்பாவைக் காட்டிக்கொடுக்க லீ மறுத்துட்டு வேற பேசுறார்: சைலான் ஆட்சி நடந்த நியூ காப்ரிகா கிரகத்துல இருந்து தப்பினதுக்கு அப்புறம் ரோஸ்லின் எல்லாருக்கும் பொதுமன்னிப்பு குடுத்தாச்சு, இவர் ஒருத்தருக்கு மட்டும் ஏன் இல்லை? சட்டப்படி அது சாட்சியமே இல்லை, வாதம். அரசுத் தரப்பு ஆட்சேபிச்சும் அடாமா பேச விட்டுடுறார், கடைசியில விடுதலைக்கே ஓட்டும் போடுறார்.

பதில் 3: அமெரிக்க அரசியலமைப்புப்படி தேசத்துரோகத்துக்கு ஒரே வெளிப்படையான செயலுக்கு ரெண்டு சாட்சி வேணும், இல்லைன்னா நீதிமன்றத்துல ஒப்புதல். அங்கே கேட்டாங்கிற ஒரே ஆள் சொன்னது மட்டும் போதாது. விசாரணை நடந்த விண்கப்பல்ல அப்படி விதி இருந்திருந்தா லீ பேச்சுக்கே வேலை இல்லை.