விடைக்கோழிகள் முட்டைக்கு வந்துவிட்டதை எப்படி அறிவது?

கேள்வி (காட்பாடி):
ஆனித் தொடக்கத்தில் பொரித்த சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி இனப் பெட்டைகள் ஐந்தைக் கொல்லையில் வளர்க்கிறேன். மார்கழியில் ஆறு மாதம் நிறைந்தும் ஒன்றும் முட்டையிடவில்லை. இரண்டின் கொண்டை மட்டும் நன்கு சிவந்திருக்கிறது. எந்த அறிகுறியை நம்பலாம்? முட்டைக்கோழித் தீவனத்தை இப்போதே தொடங்கலாமா?

பதில் (குடியாத்தம்):
கொண்டையும் தாடியும் சிவப்பது தொடக்கம்தான் ஐயா. அதன் பிறகும் சில வாரங்கள் ஆகலாம். நான் நம்புவது இடுப்பெலும்பை. இரவு கோழிகள் அடைந்த பின் ஒன்றைப் பதறாமல் எடுத்து, எச்சத்துவாரத்துக்கு இருபுறமும் கூர்மையாகத் தட்டுப்படும் எலும்பு முனைகளுக்கிடையே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு விரலுக்கே இடமில்லையென்றால் பருவம் வரவில்லை. இரண்டு விரல்கள் தாராளமாக அமர்ந்து, சிறிதாக உலர்ந்திருந்த துவாரமும் அகன்று ஈரமாகியிருந்தால், முட்டை நெருங்கிவிட்டது. முட்டைக்கு வந்த கோழி, முதுகில் கை வைத்தால் இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கும் என்பார்கள்; அதுவும் உண்மையே. ஆனால், கொல்லையில் திரியும் நாட்டுக்கோழி ஆளைக் கண்டாலே ஓடிவிடுமாதலால், கைக்குப் பழகாத கோழியிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பதில் (ஆற்காடு):
தாமதத்துக்குப் பகலொளியும் ஒரு காரணம். ஆனியில் நம் பகுதியில் பகல் ஏறத்தாழ 13 மணி நேரம். மார்கழியில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. பகல் சுருங்கும் காலத்தில் வளரும் பெட்டைகள் பருவமடையச் சற்றுத் தாமதிக்கும். தையில் பகல் நீள்வது தெரியத் தொடங்கிவிடும். தீவனத்தில் அவசரம் வேண்டாம். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் உண்டு. வளரும் கோழிக்கு ஏறத்தாழ 1 சதவீதமே போதும். மிகுதியை முன்கூட்டியே நெடுநாள் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். முதல் முட்டை வரை பழைய தீவனத்தையே தொடருங்கள். இடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால், தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும்.

பதில் (இராணிப்பேட்டை):
வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை இருவரும் சொல்லவில்லை. முட்டைப் பருவத்தில் அந்நோய் தாக்கினால், பிழைக்கும் கோழிக்கும் முட்டை குறைந்து ஓடு மெலியும். 1932 முதல் எங்கள் ஊரில் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகும் தடுப்பு மருந்துதான் அரசு கால்நடை மருந்தகங்களுக்கு வருகிறது. பிப்ரவரித் தடுப்பூசி முகாம் வருவதற்குள் உங்கள் கோழிகள் முட்டையிடத் தொடங்கிவிடலாம். ஆகவே குடற்புழு நீக்கத்தையும் சேர்த்து இப்போதே முடித்துவிடுவது நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. எலும்பைப் பார்த்ததில் சிவந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே இரண்டு விரல் இடம் இருக்கிறது. அது விறகு அடுக்கின் இடுக்கில் நுழைந்து நுழைந்து வெளியே வந்து கேறுகிறது.

பதில் (குடியாத்தம்):
அது இடம் தேடுகிறது. நிழலான மூலையில் கூடையொன்றில் வைக்கோல் பரப்பி, கடையில் வாங்கிய முட்டை ஒன்றை வைத்துவிடுங்கள். இல்லையேல் விறகுக்குள்ளேயே இட்டுவிடும். முதல் சில முட்டைகள் சிறியனவாகவோ, கெட்டி ஓடில்லாத தோல்முட்டையாகவோ இருந்தால் அஞ்ச வேண்டாம். சில வாரங்களுக்குப் பின்னும் தோல்முட்டையே வந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.